வெண்பனிக்குப் ‘பொங்குமானம்’: ஒரு சொல் முன்மொழிவு

நண்பர்களுக்கு வணக்கம்.

நாம் தமிழில் ஆக்கிவரும் பனிப்பொழிவு முன்கணிப்புச் சொற்களில் இது ஒன்றுதான் முடியாமல் இழுக்கிறது: விழுந்த பனியின் உயரத்துக்கும், அதை உருக்கினால் நிற்கும் நீரின் உயரத்துக்கும் உள்ள விகிதம். ‘பனிநீர் விகிதம்’, ‘பனிப் பருமக் காரணி’ என்று இரண்டு சொற்கள் வந்துள்ளன. நான் ‘பொங்குமானம்’ என்கிறேன்.

இந்தச் சொல்லின் தேவை எனக்கு உறைத்தது எங்கள் வீட்டுத் திண்ணையில். அமெரிக்காவில் 60 சென்டிமீட்டர் பனி கொட்டும் என்று செய்தியில் சொன்னதும் பெரியப்பா நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டார். “அறுபது சென்டியா? நமக்கு இருபது பெய்தாலே வடிகால் தாங்காதேப்பா, சம்பா மூழ்கிப்போகுமே!” மழையைச் சென்டிமீட்டரில் கேட்டுப் பழகிய டெல்டாக்காரர் யாருக்கும் அப்படித்தான் தோன்றும். ஆனால் பத்துக்கு ஒன்று என்ற வழக்கமான கணக்கில் அந்த 60 செ.மீ. பனி உருகினால் 6 செ.மீ. நீர்தான். நம் வானிலைத் துறை 6.45 செ.மீ. தொட்டால்தான் ‘கனமழை’ என்றே சொல்லும்.

அந்தப் பத்தும் நிலையானதல்ல. வானிலையைக் கணிக்கும் கணினி மாதிரிகள் முதலில் கணிப்பது நீரை. 25 மி.மீ. நீர் என்று வைத்துக்கொள்வோம். தரையருகே வெப்பம் உறைநிலையை ஒட்டி இருந்தால் ஈரப் பனி, விகிதம் 5 அளவில் நிற்கும், 12.5 செ.மீ. சேரும். குளிர்ந்த உலர்பனி என்றால் 20கூட ஆகும். அதே நீர் அரை மீட்டராகக் குவியும். மேகத்துக்குள் சுமார் மைனஸ் 12 முதல் மைனஸ் 18 டிகிரி வரையுள்ள அடுக்கில் கிளை கிளையாக நட்சத்திரப் படிகங்கள் வளர்கின்றன. அவை ஒன்றின்மேல் ஒன்று விழும்போது இடுக்கெல்லாம் காற்று தங்குகிறது, விகிதம் ஏறுகிறது. பலத்த காற்று அடித்தால் கிளைகள் ஒடிந்து பனி நெருங்கிப் படியும், விகிதம் இறங்கும்.

நேற்று அடுக்களையில் ஒரே படியில் முதலில் அவலையும் அப்புறம் பொரியையும் தலைதட்டி அளந்து பார்த்தேன். அவல் கையை இழுத்தது. பொரிப்படியைத் தூக்கினால் வெறும் படியைத் தூக்குவது போலத்தான் இருந்தது. குலுக்கியதும் ஒரு விரற்கடை அமுங்கியது. விழுந்து கிடக்கும் பனியும் நேரமாக ஆக இப்படித்தான் அமுங்கும். அதனால்தான் பனி கொட்டும் நாடுகளில் பலகை வைத்து, குறித்த நேரத்தில் அளந்து, துடைத்துவிட்டு மறுபடி அளக்கிறார்கள்.

‘பனிநீர்’ எனக்கு ஒப்பவில்லை. எங்கள் பக்கம் பனி என்றால் மார்கழியில் புல் நுனியில் நிற்பது. சம்பா அறுப்புக்கு முன் தெளித்த உளுந்து அடியீரத்தையும் அந்தப் பனியையும் நம்பித்தான் வளர்கிறது. ‘பனிநீர்’ என்றதும் அதுதான் மனத்தில் வரும். கொட்டுகிற பனிக்கு ‘வெண்பனி’ என்பதை விடாமல் பிடித்துக்கொள்வோம். உருக்கினால் வரும் நீருக்கு ‘உருகுநீர்’ போதும். ‘பருமக் காரணி’ பிழையில்லை, ஆனால் செய்தி வாசிப்பவர் வாயில் நுழையாது.

தேய்மானம், செரிமானம், பிடிமானம் இருக்கும்போது பொங்குமானமும் இயல்பாகவே வரும். இட்லி மாவு பொங்குவதும் உள்ளே வாயு சேர்வதால்தானே. ஓர் இடைஞ்சல் உண்டு, மறைக்க விரும்பவில்லை: மாவு வெக்கையில் பொங்கும், வெண்பனியோ பெரும்பாலும் குளிரக் குளிரப் பொங்கும். ஆனால் நாம் சொல்ல வருவது சூட்டை அல்ல, உப்பி நிற்கும் அளவை. நுரையும் சூடில்லாமல்தான் பொங்குகிறது. ஆகவே இது தடையில்லை என்பது என் முடிவு.

வாக்கியத்தில் வைத்துப் பாருங்கள்: “நாளை இரவு உருகுநீர் 2 செ.மீ., பொங்குமானம் 8. வெண்பனி 16 செ.மீ. சேரலாம்.” பெரியப்பாவிடம் வாசித்துக் காட்டினேன். “அப்படியென்றால் தண்ணீர் ரெண்டுதானே?” என்றார்.

டொராண்டோ நண்பருக்கு ஒரு கேள்வி. உங்கள் வாசலில் வாரவே முடியாமல் கனக்கும் ஈரப் பனியை ‘பொங்காப் பனி’ என்றால் அங்குள்ள தமிழர்களுக்கு உடனே விளங்குமா?