மறு: பலகையில் பாகம் இல்லாத இடத்துக்கு என்ன பெயர்?

அன்புள்ள குழுவினருக்கு, வணக்கம்.

மின்சுற்றுப் பலகையில் பாகம் விழுந்துபோன இடத்துக்கும், செய்தவர்களே பாகம் வைக்காமல் விட்ட இடத்துக்கும் தனித்தனிச் சொல் வேண்டும் என்று கேட்டிருந்தேன். நான்கு நாளாக இந்த இழை ஓடுகிறது. வந்த மடல்களுக்கெல்லாம் சேர்த்து ஒரே மடலாகப் பதில் எழுதுகிறேன். கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

சொல் தேடக் கிளம்பிய காரணத்தை முதல் மடலில் ஒரு வரியில் முடித்துவிட்டேன். அதனால் பலர் இதை வெறும் மொழிபெயர்ப்புச் சிக்கலாக எடுத்துக்கொண்டிருக்கிறார்கள். நடந்தது இதுதான். தொண்ணூறுகளின் நடுவில் வந்த, எஸ்3 வெர்ஜ் சில்லு பொருத்திய பழைய வரைகலை அட்டை ஒன்று என்னிடம் இருக்கிறது. படம் வரும், ஆனால் சிவப்பு மட்டும் வராது. வெள்ளை எல்லாம் நீலப்பச்சையாகத் தெரியும். பலகையை உருப்பெருக்கியில் பார்த்தபோது மூன்று இடங்களில் பாகம் இல்லை: எல்3, சி41, ஆர்27 (பலகையில் அச்சிட்ட இடப்பெயர்கள்; சி மின்தேக்கிக்கு, ஆர் மின்தடைக்கு, எல் ஃபெரைட் மணி போன்றவற்றுக்கு). என் குறிப்பேட்டில் 'விடுபட்ட பாகங்கள்' என்று தலைப்பிட்டு மூன்றையும் எழுதி வைத்தேன். சில மாதம் கழித்து அதே குறிப்பைப் பிரித்துப் பார்த்து, மூன்று இடத்திலும் பாகம் வைத்துப் பற்றவைத்தேன். அதுவரை நீலப்பச்சையாகவாவது படம் காட்டிய அட்டை, திரையைக் கறுப்பாக்கிவிட்டு உட்கார்ந்துகொண்டது.

குற்றவாளி ஆர்27. அது விழுந்துபோன பாகம் அல்ல, செய்தவர்களே வேண்டுமென்று விட்ட இடம். ஒரே பலகையை இரண்டு மூன்று மாதிரிகளுக்குப் பயன்படுத்துவது வழக்கம். எந்த வகை நினைவகம், எவ்வளவு என்பதைப் பல சில்லுகள் மின்சாரம் வந்த கணத்தில் சில தடங்களை (பலகையில் மின்சாரம் ஓடும் செப்புக் கோடுகளை) பார்த்துத் தெரிந்துகொள்ளும்: மின்னழுத்தத்தை நோக்கி இழுக்கப்பட்டிருக்கிறதா, நிலத்தை (கிரவுண்டை) நோக்கி இழுக்கப்பட்டிருக்கிறதா என்று. அப்படி இழுத்து வைப்பது ஒரு சின்ன மின்தடை. அங்கே மின்தடை இல்லாததும் சில்லுக்கு ஒரு செய்திதான். நான் அந்தச் செய்தியை மாற்றி எழுதிவிட்டேன். 'விடுபட்ட' என்ற ஒற்றைச் சொல் என்னை ஏமாற்றியது. எழுதியவனும் நான்தான், ஏமாந்தவனும் நான்தான்.

இனி உங்கள் மடல்களுக்கு வருகிறேன்.

> 'அன்பாப்புலேட்டட்' என்றே எழுதிவிட்டால் என்ன? பழுது பார்க்கிறவர்களுக்குத் தெரிந்த சொல்தானே.

தெரிந்த சொல்தான் ஐயா (பாகம் வைக்கப்படாதது என்று பொருள்), மறுக்கவில்லை. ஆனால் புழக்கத்தில் அதையும் 'மிஸ்ஸிங்' என்பதையும் மாற்றி மாற்றித்தான் போடுகிறார்கள். கடன் வாங்குவதென்றால் குழப்பத்தையும் சேர்த்துத்தான் வாங்க வேண்டியிருக்கும். எனக்கு 'கெபாசிட்டர்' என்று எழுதுவதில் கூச்சமே இல்லை, மின்தேக்கி நன்றாக ஓடுவதால் அதை எழுதுகிறேன், அவ்வளவுதான்.

> 'வெற்றிடம்' ஏற்கெனவே இருக்கிறதே?

இயற்பியலில் அது காற்றும் இல்லாத இடம். மின்னணுவியலில் பழைய வானொலிக் குழாய்களுக்குள் இருப்பதும் அதே வெற்றிடம். பழைய கருவிகளைப் பற்றி எழுதும்போது இரண்டும் ஒரே பக்கத்தில் வந்து மோதும். 'காலியிடம்' என்று பரிந்துரைத்தவருக்கு: ஆர்27 காலியிடம் என்று எழுதினால், அதற்கு விண்ணப்பம் போடத் தோன்றுகிறது.

> விடுபட்டது என்பதில் என்ன தவறு? ஏட்டில் விடுபட்ட பாடல் என்கிறோமே.

இந்த மடல் என்னை ஒரு நாள் முழுக்க யோசிக்க வைத்தது. புறநானூற்றில் 267, 268 இரண்டும் கிடைக்கவில்லை. பதிப்பில் எண் மட்டும் நிற்கிறது. நூல் நானூறு பாட்டு என்று தெரிந்திருப்பதால், அந்த எண்ணுக்கு ஒரு பாட்டு இருந்தது என்று துணிந்து சொல்லலாம். பலகையில் அப்படிச் சொல்ல முடியாது. 'ஆர்27' என்று வெள்ளை எழுத்தில் அச்சிட்டிருப்பதால் அங்கே ஒரு மின்தடை இருந்தது என்று ஆகாது. பாட்டே எழுதாமல் எண் மட்டும் போட்ட ஏடு என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த இடத்தை 'விடுபட்டது' என்றால் பதிப்பாசிரியர் தேடி அலைவார்.

தவிர, விடு என்பதற்கும் விடுபடு என்பதற்கும் உள்ள வேறுபாடு நம் காதுக்குத் தெரியும். ஒருவர் விட்டது வேறு, தானாக விட்டுப்போனது வேறு. ஆனால் 'விட்ட இடம்', 'விட்டுப்போன இடம்' என்று எழுதினால் அவசரத்தில் படிக்கிறவர் கண் தடுக்கிவிடும். உருப்பெருக்கிக்கும் பற்றவைக்கும் கோலுக்கும் நடுவே படிக்கிற குறிப்பு இது. சொற்கள் முதல் எழுத்திலேயே பிரிய வேண்டும்.

> பொக்கை எப்படி? பல் விழுந்த இடம் போலத்தானே இருக்கிறது.

படித்ததும் சிரித்துவிட்டேன், அப்புறம் பலகையைப் பார்த்தேன். வரிசையாக மின்தேக்கிகள், நடுவில் ஒன்று இல்லை, அச்சு அசல் பொக்கை. விழுந்த பாகத்துக்கு இதையே வைத்துவிடலாம் என்று முடிவும் செய்துவிட்டேன். அக்கா ஒருவர் அடுத்த மடலில் போட்ட போடுதான் முடிவைக் கலைத்தது: பல் விழுந்த தாத்தாவுக்கும் பொக்கைவாய்தான், பல்லே முளைக்காத குழந்தைக்கும் பொக்கைவாய்தான்.

சரிதானே! இருந்து போனது, வரவே வராதது என்ற இரண்டையும் அந்தச் சொல் ஒன்றாகத்தான் பார்க்கிறது. முதலில் இதைக் குறை என்று நினைத்தேன். இப்போது இதுதான் அதன் பயன் என்று தோன்றுகிறது. பழுது பார்க்கிறவர் பலகையை எடுத்ததும் காண்பது காரணம் தெரியாத ஒரு வெறும் இடம். அந்த நிலைக்கு ஒரு பெயர் வேண்டும், தீர்ப்புச் சொல்லாத பெயராக. அதுதான் பொக்கை. ஆராய்ந்து முடிவு கண்டபின் வேறு இரண்டு சொற்கள் வரட்டும். நான் இரண்டு சொல் தேடி வந்தேன், தேவைப்பட்டது மூன்று.

செய்தவர்கள் விட்ட இடத்துக்குத் 'தரிசு'. நட்டிருக்கலாம், நடவில்லை. பாகங்களை 'நடுவது' என்று நம்மில் சிலர் முன்பே எழுதுகிறோம், அதோடு பொருந்துகிறது. தரிசு என்றால் பாழ் என்ற நிழல் விழாதா என்று கேட்டிருந்தீர்கள். கொஞ்சம் விழும். ஆனால் 'ஆர்27 தரிசு' என்று படிக்கிற எவருக்கும் அங்கே எதையும் தேட வேண்டாம் என்பது உடனே உறைக்கும். எனக்கு அது போதும்.

அடிபட்டு விழுந்ததற்கு 'உதிர்வு'. இலை, பல், மயிர் எல்லாம் உதிர்வதால் இது தானாக நிகழ்வது போல ஒலிக்கிறது என்ற குறை நியாயமானது. அட்டைகளை ஒன்றன்மேல் ஒன்றாகப் பெட்டியில் அடுக்கும்போது ஒன்றின் உலோகத் தாங்கி மற்றதன் முதுகில் உரசி, 1.6 மில்லிமீட்டர் நீளப் பாகத்தைப் பெயர்த்துக்கொண்டு போகும். அதை உதிர்வு என்பது கொஞ்சம் மென்மையான பேச்சுதான். 'பெயர்வு' போடலாம் என்றால் இடப்பெயர்வு நினைவுக்கு வருகிறது. உதிர்வே இருக்கட்டும்.

பெயரைவிட முக்கியம், எதைப் பார்த்து எந்தப் பெயர் வைப்பது என்பது. தரிசில் திட்டுகள் இரண்டும் ஒன்றுபோல இருக்கும்: பற்றாசு (பாகத்தைத் திட்டில் ஒட்டவைக்கும் உலோகக் கலவை) வழவழப்பாக, சின்னக் குமிழாக, பளபளப்பு மாறாமல். (பாகத்தின் முனை உட்காரும் உலோகப் பரப்பான பேட் என்பதற்குத் திட்டு என்று போன ஆண்டே முடிவு செய்தோம். திட்டுவதற்கும் அதே சொல் என்பதை மறுபடி கிளப்ப வேண்டாம்.) உதிர்வில் பற்றாசு கிழிந்தாற்போல் சொரசொரப்பாக, மங்கிச் சாம்பல் நிறமாக இருக்கும், ஒரு பக்கத்தில் மட்டும் பாகத்தின் முனைச்சில் ஒட்டியிருக்கலாம். உருளை வடிவ மின்தேக்கியை யாராவது பக்கவாட்டில் திருகியிருந்தால் திட்டே பெயர்ந்து, அடியிலிருக்கும் பலகையின் நார் தெரியும். அதை மட்டும் 'திட்டோடு உதிர்வு' என்று எழுதுகிறேன், ஏனென்றால் வேலை வேறு: தடத்தைச் சுரண்டிக் கம்பி இழுக்க வேண்டும். இன்னொரு பலகையின் படத்தோடு ஒப்பிடலாம், ஆனால் பதிப்பு எண்வரை ஒன்றாக இருக்க வேண்டும். நான் ஆர்27-இல் மாட்டிக்கொண்டதற்கு வேறு பதிப்பின் படமும் ஒரு காரணம்.

'பற்றாசு பண்டிதத்தனம், ஈயம் என்று எழுது' என்று தனிமடல் போட்டவருக்கு: எழுதலாம், தவறே இல்லை. ஈயம் இல்லாத பற்றாசு வந்தபின் அந்தச் சொல் செல்லாது என்று ஒருவர் வாதிட்டார். தமிழில் வெள்ளீயமும் ஈயம்தான், காரீயமும் ஈயம்தான். காரீயத்தை நீக்கினாலும் வெள்ளீயம் இருக்கிறதே. நம் பழைய அட்டைகளில் இருப்பது இரண்டும் கலந்தது. அதில் பெரும்பாலும் காண்பது வெள்ளீயம் 63-க்குக் காரீயம் 37, 183 டிகிரியில் உருகும். காரீயம் இல்லாத புதுவகை 217 டிகிரியை ஒட்டி உருகும். இரண்டையும் ஒரே மூட்டில் கலக்காமல் இருப்பது நல்லது.

> மூன்று சொல்லையும் வைத்து ஒரு குறிப்பு எழுதிக் காட்டுங்கள்.

நானும் எந்தச் சொல்லையும் இப்படித்தான் சோதிப்பேன். அதே அட்டை, புதிய குறிப்பு:

"பொக்கை மூன்று. எல்3: திட்டில் கிழிசல், உதிர்வு. திரை இணைப்பியின் 2, 3 ஊசிகளுக்கும் நிலத்துக்கும் இடையே 75 ஓம். 1-ஆம் ஊசியில் எதுவும் காட்டவில்லை. எனவே சிவப்புத் தடம் இங்கே அறுந்திருக்கிறது. எல்1, எல்2 பச்சைக்கும் நீலத்துக்கும் இதே வேலையைச் செய்கின்றன, அதே வகை ஃபெரைட் மணியை வைக்கவும். சோதிக்க மட்டும் துண்டுக் கம்பியால் இணைத்துப் பார்க்கலாம். சி41: உதிர்வு. ஒரு திட்டு நிலத்துக்கும் மறுதிட்டு சில்லின் மின்வழங்கலுக்கும் போகிறது. 0.1 மைக்ரோஃபாரட் போதும். ஆர்27: தரிசு. தொடாதே."

பழைய குறிப்பில் நான் எழுதியது: "எல்3, சி41, ஆர்27 விடுபட்டவை." ஆர்27-ஐக் கழற்றியதும் படம் திரும்பியது, இந்த முறை எல்3-இன் புண்ணியத்தில் சிவப்போடு.

சி41 இல்லாமலும் அட்டை ஓடியதே, அதையும் தரிசு என்றால் என்ன என்று யாரேனும் கேட்பீர்கள். கூடாது. சில்லின் அருகில் இருக்கும் அந்த வகை மின்தேக்கிகளில் ஒன்று போனால் பெரும்பாலும் வெளியே தெரியாது, பக்கத்தில் இருப்பவை தாங்கிக்கொள்ளும். ஓடுகிறதா என்பது வேறு, இருந்ததா என்பது வேறு. அதன் முதுகில் மதிப்பும் அச்சிட்டிருக்காது என்பதால், இரண்டு திட்டும் எங்கே போகின்றன என்று பார்க்காமல் 0.1 என்று ஊகிக்கவும் வேண்டாம்.

> முன்பு யாரோ கழற்றி எடுத்த பாகம் என்றால்?

கழற்றியது என்றே எழுதுங்கள். எல்லாவற்றுக்கும் கலைச்சொல் வேண்டாம்.

ஞாயிறு வரை மறுப்பு வராவிட்டால் மூன்றையும் நம் பட்டியலில் ஏற்றிவிடுகிறேன்: பொக்கை, தரிசு, உதிர்வு. சி41 வகை மின்தேக்கிக்கே தமிழில் பெயர் இல்லையே என்று இந்நேரம் ஒருவர் தட்டச்சத் தொடங்கியிருப்பார். தயவுசெய்து அதற்குப் புது இழை தொடங்குங்கள்.