மன்னாரில் புதிய காற்றாலை வேண்டாம் என்பது ஏன்?

வவுனியாப் பெடியன்: மன்னார் ஆட்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கோ. 2020 டிசம்பரில் அங்கே தம்பபவனி காற்றாலை திறந்தபோது குடும்பமாகப் போய்ப் படம் எடுத்தோம். 30 கோபுரம், 103.5 மெகாவாட், புகை கிடையாது. 2025இல் பார்த்தால் இன்னும் 14 கோபுரத்துக்கு எதிராக ஊரே ஹர்த்தால். மின்வெட்டில் மெழுகுதிரி வைத்துப் படித்த எனக்கு இது விளங்கவில்லை.

பேசாலைக் கரைவலை: தம்பி, நாங்களும் படம் எடுத்தோம்தான். இப்போது சனம் முதலில் சொல்வது வெள்ளம். தீவு முழுக்கப் பள்ள மணல். மாரி மழை தாழ்ந்த பக்கமாக ஓடிக் கடலில் விழவேண்டும். கோபுரத்துக்குப் பெரிய கிரேன் வரும், அதைத் தாங்கப் பாதையை உயர்த்திப் போடுவார்கள். கரையோரமாக உயர்ந்த பாதை போனால் தண்ணீர் எந்தப் பக்கம் வடியும்? மதகு வைக்கலாம், சரி, அதை மணல் மூடினால் யார் வந்து அள்ளுவது? இங்கே நல்ல தண்ணீர் மணலுக்குள் மெல்லிய படையாகத்தான் நிற்கிறது, கீழே உப்பு. வெள்ளம் வடியாமல் நின்று கக்கூசுக் குழியும் கிணறும் ஒன்றாகிவிட்டால் குடிக்க என்ன இருக்கு?

விசிறிச் சத்தத்தில் மீன் ஓடுது என்றும் சொல்கிறார்கள். அதற்கு நான் சத்தியம் பண்ணமாட்டேன். இந்திய இழுவைப்படகுகள் வாரித்தள்ளுவதை மறந்துவிட்டுக் காற்றாடியை மட்டும் குற்றம் சொல்வது நியாயமில்லை.

பள்ளிமுனை ரீச்சர்: பறவைகளையும் சேருங்கோ. மத்திய ஆசியாவிலிருந்து வலசை வரும் பறவைகளுக்கு மன்னார் கடைசித் தரிப்பிடங்களில் ஒன்று. வங்காலைச் சரணாலயம் உலக முக்கிய ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் இருக்கு. கூட்டம் வந்தால் ராடாரில் பார்த்து விசிறியை நிறுத்தலாம், மின்கம்பியில் மோதுவதை எப்படி நிறுத்துவது? பக்கத்திலேயே இல்மனைட் என்ற கனிமத்துக்காக மண் அகழ்வுப் பேச்சும் ஓடுது. சனத்துக்கு இரண்டும் சேர்ந்துதான் பயம். இங்கே காற்றாலை போட இருந்த இந்தியாவின் அதானி நிறுவனம் 2025 பெப்ரவரியில் தானாக விலகியதும் முடிந்தது என்று நினைத்தோம், பிறகு வேறு ஆட்கள் வந்தார்கள். எனக்குக் காற்றாலையில் கோபமில்லை. தீவை விட்டுப் பெருநிலத்தில் போடட்டும்.

வவுனியாப் பெடியன்: அப்போ உங்களுக்குக் கரண்ட் பில்லாவது குறைஞ்சுதா?

பேசாலைக் கரைவலை: எங்கே! மின்சாரம் நடுக்குடா உபமின்நிலையத்தால் நாட்டுக்கே போகுது. பில் உங்களுக்கு வாற அதே கணக்கில்தான் எங்களுக்கும் வருது.