பல்லவிக்காக மூன்று நிமிடம் இருபது விநாடி: ஜர்னியின் 'எஸ்கேப்' உங்களுக்கு எப்படி வந்து சேர்ந்தது?

அமெரிக்க ராக் குழுவான ஜர்னியின் இந்த ஆல்பம் எனக்கு வந்தது 1994இல், திருச்சியில், கேசட்டாக. கடைக்காரர் வெற்று கேசட்டில் பாட்டுப் பதிந்து கொடுப்பவர். கல்யாண வீடுகளுக்கு மைக் செட்டும் போடுவார். என் அறைத்தோழன் கேட்டதற்காக யாரிடமோ இரவல் வாங்கி, 90 நிமிடக் கேசட்டின் ஒரு பக்கத்தில் மொத்த ஆல்பத்தையும் அடக்கிவிட்டார். ஆல்பம் 42 நிமிடமும் கொஞ்சமும், ஒரு பக்கம் 45. அட்டையில் பச்சை மையில் 'ஜர்னி' என்று மட்டும் எழுதியிருந்தது. பாட்டுப் பெயர் ஒன்றுகூட இல்லை.

அதனால் முதல் பாட்டுக்கு 'மிட்நைட் ட்ரெயின்' என்று நானே பெயர் வைத்து, ஒரு வருஷம் அப்படியே சொல்லிக்கொண்டு திரிந்தேன். காரணம் பழக்கம்தான். நம் சினிமாப் பாட்டில் பல்லவி முதலில் வரும், அதன் முதல் வார்த்தைதான் பாட்டின் பெயர். இந்தப் பாட்டில் முதலில் தெளிவாகக் காதில் விழுந்தது ரயில்தான். 'டோன்ட் ஸ்டாப் பிலீவின்' என்ற வரி எப்போது வருகிறது என்று பின்னாளில் கடிகாரத்தை வைத்துப் பார்த்தேன். 3 நிமிடம் 20 விநாடிக்கு மேல். பாட்டே நாலு நிமிடத்தைக் கொஞ்சம்தான் தாண்டும். பல்லவியைக் கடைசிப் பந்தியில் பாயசம் மாதிரி ஒதுக்கிவைத்திருக்கிறார்கள்.

அதுவரை என்ன செய்கிறார்கள் என்பதுதான் எனக்கு இன்றும் வியப்பு. பியானோ எட்டு ஸ்வரக்கட்டைச் சுற்றிச் சுற்றி வருகிறது. பியானோவின் இடக்கை போகிற வழியிலேயே ராஸ் வாலரியின் பேஸ் கிட்டாரும் போகிறது. பின்னால் நீல் ஷோனின் கிட்டார் எங்கோ தூரத்தில் சலசலவென்று கிளம்பி, ரயில் நெருங்குவதுபோல் பெரிதாகிறது. பாடகர் ஸ்டீவ் பெர்ரி கத்தவே இல்லை, கதை சொல்கிறார். பல்லவி இதோ வந்துவிட்டது என்று நினைக்கும் இடத்தில் மறுபடி சரணத்துக்கே திரும்புகிறார்கள். எத்தனை பொறுமை வேண்டும் அதற்கு!

ஆட்களைப் பற்றியும் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். ஷோன் பதின்வயதிலேயே சான்டானா குழுவில் வாசித்தவர். அங்கிருந்து பிரிந்தவர்கள் 1973இல் சான் பிரான்சிஸ்கோவில் தொடங்கியதுதான் ஜர்னி. முதல் மூன்று ஆல்பங்களில் பாட்டைவிட நீள நீளமான வாத்திய வாசிப்புதான் தூக்கல். வாசிப்பு அபாரம், வாங்க ஆள் இல்லை. பெர்ரி வந்த பிறகு 1978இல்தான் கதை மாறியது. 1980இல் கீபோர்ட்காரர் கிரெக் ரோலி விலக, 'தி பேபிஸ்' குழுவிலிருந்து ஜோனதன் கெய்ன் வந்தார். அவர் கையோடு கொண்டுவந்ததில்தான் இந்த ஆல்பத்தின் பாதி உயிர் இருக்கிறது. லாஸ் ஏஞ்சலஸில் வாய்ப்பில்லாமல் தவித்த நாட்களில் அப்பாவுக்குப் போன் செய்தபோது, நம்பிக்கையை விட்டுவிடாதே என்று அவர் சொன்னாராம். அதை நோட்டில் எழுதிவைத்திருக்கிறார் மனிதர். அந்த நோட்டு வரிதான் அந்தப் பல்லவி.

பதிவு நடந்தது பெர்க்லியில், ஃபேன்டஸி ஸ்டூடியோவில். தயாரித்த இருவரில் மைக் ஸ்டோன் 'குயின்' குழுவுக்கு ஒலிப்பதிவு செய்தவர், கெவின் எல்சன் மேடை ஒலி பார்த்துக் கைபழகியவர். 1981 ஜூலையில் வெளிவந்து அமெரிக்காவில் முதலிடம் பிடித்தது. விமர்சகர்கள் அப்போது இதை 'கார்ப்பரேட் ராக்' என்று தள்ளிவிட்டார்கள். விற்கத் தெரிந்தவர்கள் செய்த சரக்கு என்று அர்த்தம். விற்கிற அவசரத்தில் இருப்பவன் பல்லவியைக் கடைசிவரை ஒளித்துவைப்பானா? இதற்கு இன்றுவரை எனக்கு யாரும் ஒழுங்காகப் பதில் சொல்லவில்லை.

எனக்குப் பிடித்த இடம் 'ஸ்டோன் இன் லவ்' கடைசியில் வருகிறது. பாட்டு முடிந்துவிட்டது என்று நினைக்கும்போது வேகம் பாதியாகக் குறைந்து, கிட்டார் தனியாகப் பேச ஆரம்பிக்கும். வெயில் தாழ்ந்த பிறகு மொட்டை மாடியில் உட்கார்ந்திருப்பது போல இருக்கும்.

உங்களுக்கு எப்படி வந்தது? பாட்டுப் பெயரை மட்டும் சொல்லிவிட்டுப் போகாமல் இடத்தைச் சொல்லுங்கள்.

*

அண்ணா, நான் மிருதங்கத்திலிருந்து டிரம்ஸுக்குத் தாவியவன், அதனால் என் இடம் ஜர்னியின் டிரம்மர் ஸ்டீவ் ஸ்மித்தின் இடக்கை.

கல்லூரி இரண்டாம் வருஷம் கல்ச்சுரல்ஸுக்கு இந்த முதல் பாட்டை எடுத்தோம். கேட்க எளிதாக இருக்கிறதே, எட்டு அடிதானே என்று உட்கார்ந்தேன். சாதாரணமாக வலக்கைக்காரர்கள் வலக்கையை இடக்கைக்கு மேலே குறுக்கே போட்டு ஹை-ஹாட் (இடப்பக்கம் இருக்கும் ஜோடிச் சிம்பல்) அடிப்போம். அப்படி அடித்தால் இந்தப் பாட்டு நடக்காது. ஹை-ஹாட் நிற்காமல் ஓடிக்கொண்டிருக்கும்போதே வலப்பக்கம் ரைடு சிம்பலின் குமிழில் 'டிங்' என்று விழுகிறது, உடனே டாம் என்ற முரசில் விழுகிறது. எனக்கு மூன்றாவது கை தேவைப்பட்டது. மேடையில் குச்சி ஒன்றோடொன்று மோதி ஒன்று முன்வரிசைக்குப் பறந்துபோனது. துறைத்தலைவர் எடுத்துக் கொடுத்தார்.

பிறகுதான் ஸ்மித்தே விளக்கும் காணொளியைப் பார்த்தேன். அவரும் வலக்கைக்காரர்தான். ஆனால் இங்கே ஹை-ஹாட்டை இடக்கையிடம் கொடுத்துவிடுகிறார். இடக்கை அங்கேயே காவல் நிற்கிறது, வலக்கை சுதந்திரமாகத் திரிகிறது. ரகசியம் அவ்வளவுதான். ஆனால் அந்த இடக்கையை அடி பிசகாமல் ஓடவைக்க எனக்கு நாலு மாதம் ஆனது. வலுவான வலக்கை 'நான் இருக்கிறேனே' என்று வந்து வந்து நிற்கும்.

இவர் ராக் டிரம்மராக வளர்ந்தவரும் இல்லை. பாஸ்டனில் பெர்க்லி இசைக் கல்லூரியில் படித்தார் (ஸ்டூடியோ இருந்த பெர்க்லி வேறு ஊர், குழப்பிக்கொள்ள வேண்டாம்), வயலின்காரர் ஜான்-லுக் போன்டியோடு ஜாஸ் வாசித்துவிட்டுத்தான் ஜர்னிக்கு வந்தார். 'ஹூஸ் க்ரையிங் நவ்' கேளுங்கள். எவ்வளவோ வாசிக்கத் தெரிந்தவர் எவ்வளவு குறைவாக வாசிக்கிறார் என்று புரியும்.

இனிமேல்தான் விஷயமே. சில வருஷங்களுக்கு முன் இன்னொரு காணொளியில் அதே ஸ்மித் டிரம்ஸுக்கு முன்னால் உட்கார்ந்து கையைத் தட்டிக்கொண்டு கொன்னக்கோல், அதாவது தாளச் சொற்களை வாயால், சொல்கிறார். தகதிமி, தகஜொணு எல்லாம் சுத்தமாக விழுகிறது. ஜாகிர் உசேனோடு சேர்ந்து வாசித்தவர், நம் தாள முறையை உட்கார்ந்து படித்திருக்கிறார். சிரிப்பும் வந்தது, வெட்கமும் வந்தது. மிருதங்க வகுப்பில் வாத்தியார் ஒரு பாடத்தை வாயால் சொல்லாமல் கையை வைக்க விடமாட்டார். நான் எரிச்சல்பட்டு அதிலிருந்து தப்பித்து ஓடித்தான் டிரம்ஸுக்கு வந்தேன். இவர் அங்கிருந்து கிளம்பி இதற்கு வந்து நிற்கிறார்!

*

நான் கோவையில் ஒரு மெல்லிசைக் குழுவில் கீபோர்ட் வாசிக்கிறேன். 'ஓப்பன் ஆர்ம்ஸ்' பற்றி யாரும் பேசுவதற்குள் நானே வந்துவிட்டேன்.

ஒரு கல்யாண வரவேற்பில் மாப்பிள்ளை வெளிநாட்டில் படித்தவர், இந்தப் பாட்டுதான் வேண்டும் என்று ஒற்றைக் காலில் நின்றார். தாளக்காரர் பழக்க தோஷத்தில் நாலாகப் பிடித்துவிட்டார். பாட்டோ மூன்று மூன்றாக அசைகிறது. பாதியில் நானும் பாடகரும் ஒரு பக்கம், அவர் ஒரு பக்கம். 'திஸ்ரம்ண்ணா, திஸ்ரம்' என்று நான் மைக்கை மறந்து கத்தியது மண்டபம் முழுக்கக் கேட்டது.

ஆனால் அன்றைக்குப் பயிற்சி செய்தபோதுதான் பாட்டின் கட்டுமானம் விரலுக்குத் தெரிந்தது. ஆரம்பத்தில் ஏறக்குறைய பியானோவும் குரலும்தான். பியானோவில் வேலை மிகக் குறைவு, பள்ளிப் பிள்ளையும் வாசித்துவிடலாம். எல்லாச் சுமையும் பெர்ரியின் தொண்டையில். ஒரு சொல்லைத் தொட்டதும் விட்டுவிடாமல் கொஞ்சம் வளைத்து அடுத்ததில் சேர்க்கிறார் பாருங்கள், அது அமெரிக்க சோல் பாடகர் சாம் குக்கைக் கேட்டு வளர்ந்த குரல். நம் பாடகர் வளைத்தால் கமகம் வந்துவிடுகிறது, நேராகப் பாடினால் செய்தி வாசிப்பதுபோல் இருக்கிறது. இடையில் எங்கோ இருக்கிறது அந்த அளவு.

கெய்ன் இந்த மெட்டை முதலில் தன் பழைய குழுவின் பாடகரிடம் காட்டியபோது, ரொம்பக் குழைவாக இருக்கிறது என்று அவர் வேண்டாம் என்றுவிட்டார். ஜர்னியில் ஷோனுக்கும் இது பிடிக்கவில்லை. வேண்டாவெறுப்பாகச் சேர்த்த அந்தப் பாட்டு அமெரிக்கப் பட்டியலில் இரண்டாம் இடத்தில் ஆறு வாரம் இருந்தது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். பெர்ரி விலகிப் பல வருஷம் கழித்து, 2007இல் ஷோன் யூடியூபில் பாடகர் தேடியபோது கிடைத்தவர் மணிலாவில் கிளப்புகளில் அடுத்தவர் பாட்டைப் பாடிக்கொண்டிருந்த ஆர்னெல் பினேடா. ஷோனின் மின்னஞ்சலை யாரோ விளையாடுகிறார்கள் என்றுதான் அவர் முதலில் நினைத்தாராம். மேடைக்கு மேடை வேறு யார் குரலிலோ பாடிப் பிழைக்கிற எங்களுக்கு இந்தக் கதையைக் கேட்டால் கொஞ்சம் தூக்கம் கெடத்தான் செய்யும்.

*

ஒரு குறையும் சொல்லட்டுமா? எல்லாரும் முதல் பாட்டையும் கடைசிப் பாட்டையுமே சுற்றுகிறீர்கள். 'கீப் ஆன் ரன்னின்', 'லே இட் டவுன்' இரண்டும் இடம் நிரப்ப வந்தவை. 'டெட் ஆர் அலைவ்' வெறும் ஓட்டம். இவற்றைக் கேட்டால் விமர்சகர்கள் சொன்னது முழுப் பொய் இல்லை என்று தோன்றும். ஆனால் 'மதர், ஃபாதர்' வேறு ரகம். அதில் நீல் ஷோனின் அப்பாவுக்கும் இசையமைப்பில் பங்கு உண்டு, அவரும் இசைக்காரர். உடைந்துபோகும் ஒரு குடும்பத்தைப் பற்றிய பாட்டை அப்பாவும் பிள்ளையுமாகச் சேர்ந்து எழுதியிருக்கிறார்கள். நான் அதை முதன்முதலாகக் கேட்டது எங்கள் வீட்டில் பாகப்பிரிவினைப் பேச்சு நடந்த வாரம். அதற்கு மேல் இங்கே எழுத இஷ்டமில்லை.

*

மிச்சிகனில் கார் தொழிற்சாலை வேலை எனக்கு. முதல் பாட்டில் அந்தப் பையன் 'சவுத் டெட்ராய்ட்'டில் பிறந்து வளர்ந்தவன் என்று வருகிறது இல்லையா? வந்த புதிதில் அந்த இடம் எங்கே என்று அலுவலகத்தில் கேட்டேன். மேசையைத் தட்டித் தட்டிச் சிரித்தார்கள். அப்படி ஒரு பேட்டையே இல்லை. நகர மையத்திலிருந்து நேர் தெற்கே போனால் ஆறு, ஆற்றைத் தாண்டினால் கனடாவின் வின்ட்சர். பாடும்போது காதுக்கு நன்றாக இருந்தது என்றுதான் பெர்ரி அந்தத் திசையை வைத்தாராம்.

தப்பு என்று ஊர்க்காரர்கள் கோபப்படுவார்கள் என்று பார்த்தால், நிலைமை நேர் எதிர். ஐஸ் ஹாக்கி ஆட்டத்துக்கு ஒருநாள் கூட்டிப்போனார்கள். பாட்டைப் போட்டு, அந்த வரி வரும்போது ஒலிபெருக்கியை அப்படியே அடக்கிவிட்டார்கள். அரங்கம் முழுக்க அந்த இல்லாத ஊரின் பெயரைக் கத்தியது. பக்கத்தில் ஒரு தாத்தா, எழுபது வயது இருக்கும், தொண்டை நரம்பு புடைக்கக் கத்தினார். நானும் கத்தினேன். சரி, நான் பிறந்தது பரமக்குடி.

அது இருக்கட்டும். திருச்சிக்காரரே, ஒரு கணக்கு இடிக்கிறதே. கேசட் பக்கம் 45 நிமிடம், ஆல்பம் 42 சொச்சம். மிச்சத்தில் உங்கள் கடைக்காரர் என்ன பதிந்தார்?

*

கேட்பீர்கள் என்று தெரியும்.

நாகஸ்வரம். அவருக்குக் கல்யாண மைக் செட் வேலையும் உண்டு என்றேன் இல்லையா? வெற்றிடம் விடக்கூடாது என்று நினைத்தாரோ, அல்லது அந்தக் கேசட்டே வெற்று கேசட் இல்லையோ. 'ஓப்பன் ஆர்ம்ஸ்' கடைசிப் பியானோ ஸ்வரம் தேய்ந்து ஒரு மூச்சு விடும் நேரம், உடனே தவில் இடித்துக்கொண்டு கெட்டிமேளம். நடுவில் யாரோ ஒருவர் 'ஃபேனைப் போடுப்பா' என்கிறார். அப்புறம் டக்கென்று நாடா தீர்ந்துவிடும்.

குறுந்தகடாக வாங்கிய பிறகுதான் அட்டைப் படத்தையே பார்த்தேன். ஸ்டான்லி மவுஸ் வரைந்தது, வண்டு மாதிரி ஒரு விண்கலம் ஓர் உருண்டையை உடைத்துக்கொண்டு பறக்கிறது. ஒலியும் துல்லியம். ஆனால் இப்போதும் அந்தக் கடைசிப் பாட்டு முடிந்ததும் என் காது தவிலுக்காகக் காத்திருக்கிறது. வீட்டில் மகள் இதைக் கண்டுபிடித்துவிட்டாள். பியானோ ஓய்ந்ததும் உள்ளேயிருந்து குரல் கொடுக்கிறாள்: "அப்பா, ஃபேனைப் போடவா?"