மறு: மறு: மணச்சேர்மமா, கமழ்மமா, நாற்றமா?

குழுமத்தாருக்கு வணக்கம்.

பன்னிரண்டாம் வகுப்புக் குறிப்பேடு வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. முலாம்பழம் பழுக்கப் பழுக்க அதன் மணம் எப்படி மாறுகிறது என்ற பாடம் மட்டும் ஒரு சொல்லுக்காக நிற்கிறது: காயும் பழமும் வீசும் வாடைக்குக் காரணமான வேதிப்பொருளைத் தமிழில் எப்படி அழைப்பது?

> 'நறுமணச் சேர்மம்' என்று போடுங்கள். பிள்ளைகளுக்குப் புரியும்.

புரியும் அண்ணாச்சி, ஆனால் பாதிப் பாடத்துக்குப் பொருந்தாது. நேற்று பாளையங்கோட்டையில் வகுப்பு மேசைமேல் இரண்டு முலாம்பழம் வைத்தேன். ஒன்று கல் மாதிரிக் காய், மற்றது காம்பு தானாகவே விட்டது. காயைக் கீறி நீட்டியதும், "வெள்ளரிப்பிஞ்சு வாடை அடிக்கு சார்" என்றாள் முன்பெஞ்சுப் பிள்ளை. பழத்தில் கத்தி படும் முன்பே கடைசி பெஞ்சுக்கு வாசம் போய்விட்டது.

அந்தப் பிள்ளை சொன்னது வேதியியல்படி சரி. காயில் ஆல்டிஹைடுகள் என்ற கார்பன் சேர்மங்கள்தான் மிகுதி. ஒன்பது கார்பன் கொண்டவை வெள்ளரி வாடை தருபவை. பழுக்கத் தொடங்கி, காயைப் பழுக்கவைக்கும் வாயுவான எத்திலீன் பெருகியதும் ஆல்டிஹைடு ஆல்கஹாலாகிறது, ஆல்கஹால் நொதியின் துணையால் எஸ்டராகிறது. பழ வாசம் பெரும்பாலும் அந்த எஸ்டர்கள்தான். பிரான்சில் எத்திலீன் உண்டாகாதபடி மரபணு மாற்றிய முலாம்பழத்தை 1996இல் அறிவித்தார்கள். சதை நிறமேறியது, இனித்தது. காம்பு விடவில்லை, மணமும் வெகுவாகக் குறைந்தது. காய், பழம் இரண்டின் வாடையையும் ஏந்துகிற சொல் வேண்டும். பச்சை வாடையை 'நறு' என்று எப்படிச் சொல்வது?

> குறள் 1274: மொட்டுக்குள் அடங்கிய மணத்தை வள்ளுவர் 'நாற்றம்' என்கிறார். நாறுதலுக்கு முளைத்தல், தோன்றுதல் என்றும் பொருள். நாற்று அதன் வழி வந்ததே. நாற்றங்கால் என்று தினமும் சொல்லும் ஊரில் நாற்றத்துக்கு ஏன் கூச்சம்?

தாமிரபரணிப் பாசனத்தில் வளர்ந்த எனக்கு இந்த வேர் மிகவும் பிடித்திருக்கிறது. உள்ளே அடங்கியிருந்து வெளியே எழுவது என்ற கருத்து இந்தப் பாடத்துக்கென்றே அமைந்ததுபோல் இருக்கிறது. ஆனால் செங்கோட்டை தாண்டிப் போனால் மலையாளத்திலும் நாற்றம் கெட்ட வாடைதான். 'நாற்றச் சேர்மம்' என்று படிக்கிற பிள்ளை, பழம் அழுகிவிட்டது என்றுதான் எண்ணும். தேர்வறையில் அதன் பக்கத்தில் நின்று குறள் சொல்ல நாம் இருக்க மாட்டோம்.

> தனிமம், சேர்மம் போல 'கமழ்மம்'. ஒரே சொல், தூய தமிழ்.

வடிவம் அழகு. கமழ்வது நல்ல மணம் மட்டுமே என்பதால் 'நறு'வுக்குச் சொன்ன தடை இதற்கும் உண்டு. கோவில்பட்டி நண்பர் இதை ஒப்பவில்லை. அந்தச் சொல் பழைய நூல்களில் வந்த இடங்களைத் தேடி அனுப்புவதாகச் சொல்லியிருக்கிறார். வெள்ளிக்குள் வந்தால் பார்க்கலாம்.

நான் முன்வைத்த 'வாடைச் சேர்மம்' வாடைக்காற்றோடு குழம்பும் என்று பலரும் எழுதிவிட்டீர்கள். வகுப்பில் தானாக வாயில் வந்த சொல் அது. அதை விட எனக்கு இன்னும் மனமில்லை. ஆயினும் பெரும்பாலோர் 'மணச்சேர்மம்' என்கிறீர்கள். அச்சுக்கு முன் திருத்தும் மெய்ப்பில் அதையே போட்டிருக்கிறேன். காய்க்கும் பழத்துக்கும் நடுவிலுள்ள நிலைக்கு 'செங்காய்'. அதை மட்டும் யாரும் மறுக்கவில்லை.

எஸ்டரைத் தமிழாக்கும் பேச்சுக்குத் தனி இழை தொடங்குங்கள்.