அடிக்கு எவ்வளவு? எந்த அடிக்கு?

சிப்புட் மகன்:

மலேசியாவில், நம் சுங்கை சிப்புட்டில் வீட்டுக் கூரை மாற்ற எவ்வளவு ஆகும் என்று இந்தக் குழுவில் மாதம் ஒருவராவது கேட்கிறார்கள். போன வருடம் நாங்கள் மாற்றினோம். என் கதையைச் சொல்கிறேன், உங்களுடையதையும் எழுதுங்கள்.

அப்பா தோட்டத்து லயத்தை விட்டு வெளியே வந்தபோது வாங்கிய 25,000 வெள்ளி (ரிங்கிட்) வரிசை வீடு. அகலம் 20 அடி, நீளம் 36 அடி. மேலே பழைய ஆஸ்பெஸ்டாஸ் தகடு. அக்டோபர், நவம்பர் சாயங்கால மழை வந்தால் நேராக அடுப்பங்கரைக்குள்தான் இறங்கும். எங்கெங்கே பாத்திரம் வைக்க வேண்டும் என்று அம்மா தரையில் சாக்பீஸால் வட்டம் போட்டு வைத்திருந்தார்.

முதலில் ஹார்ட்வேர் கடைக்குப் போனேன். “தகடு அடிக்கு 8 வெள்ளி தம்பி” என்றார்கள். மோட்டார் சைக்கிளில் வரும்போதே கணக்குப் போட்டுவிட்டேன். இருபதை முப்பத்தாறால் பெருக்கினால் 720. அதை எட்டால் பெருக்கினால் 5,760 வெள்ளி. இபிஎப் எனும் ஊழியர் சேமநிதியை 2024 மே மாதம் மூன்று கணக்காகப் பிரித்தார்களே, அதில் எப்போது வேண்டுமானாலும் எடுக்கக்கூடிய ஃபிளெக்சிபல் கணக்கில் கிட்டத்தட்ட அவ்வளவு இருந்தது. அன்று ராத்திரி நல்ல தூக்கம்.

அந்தக் கணக்கில் ஒன்றுகூடச் சரியில்லை. கடைக்காரர் சொன்னது நீள அடி. நான் பெருக்கியது சதுர அடி. அதுவும் தரையின் சதுர அடி, கூரையினுடையது அல்ல.

மூன்று பேரைக் கூப்பிட்டு விலை கேட்டேன். முதல் ஆள் வாசலிலேயே நின்று, வீட்டு அளவைக் கேட்டு, சதுர அடிக்கு 13 வீதம் 9,360 என்றார். இரண்டாவது ஆள் ஏணி கேட்டார், சீலிங்குக்கு மேலே ஏறினார், டார்ச் அடித்து அரை மணி நேரம் பார்த்துவிட்டு, மறுநாள் 14,900 என்று எழுதிக் கொடுத்தார். மூன்றாவது ஆள் சிமெண்டு ஓடு போடலாம், 24,000 ஆகும் என்றார். ஒரே வீட்டுக்கு மூன்று விலை. யாரை நம்புவது?

மச்சானுக்குத் தச்சு வேலை தெரியும். அவர்தான் வந்து அளக்கச் சொல்லிக் கொடுத்தார். மேலே கைமரத்தின் பக்கத்தில் மட்டப் பலகையைப் படுக்க வைத்து, 12 அங்குலம் தள்ளிப் போனால் மரம் எத்தனை அங்குலம் ஏறுகிறது என்று பார்க்க வேண்டும். எங்களுக்கு 7 அங்குலம் ஏறியது. அப்படியானால் படுக்கை அளவை 1.16 ஆல் பெருக்கலாம். 4 அங்குலம்தான் என்றால் 1.05 போதும். (ஏறுகிறவர்கள் மரத்தின் மேல் மட்டும் கால் வையுங்கள். சீலிங்கில் வைத்தால் அதற்கும் சேர்த்து விலை கேட்க வேண்டியிருக்கும்.)

முன்னும் பின்னும் இரண்டரை அடி நீட்டிக்கொண்டிருக்கும் இறவாணத்தைச் சேர்த்தால் படுக்கை நீளம் 41 அடி. முகட்டிலிருந்து ஒரு பக்கம் இருபதரை. சரிவில் அது 24 அடிக்குக் கொஞ்சம் குறைவு. ஒரு தகடு மடிப்பு போக 762 மில்லிமீட்டர், அதாவது இரண்டரை அடி மூடும். ஆக 20 அடி அகலத்துக்கு எட்டுத் தகடு, இரு பக்கமும் சேர்த்து 16. மொத்தம் 384 நீள அடி. எட்டு வெள்ளி வீதம் 3,072.

தகட்டின் விலை நான் நினைத்ததில் ஏறக்குறைய பாதி. ஆனால் கூரையின் விலை அதைப்போல் ஐந்து மடங்கு. பழையதை இறக்குவது, அகற்றுவது, கைமரத்தின் மேல் போடும் புது இரும்புச் சட்டம், அலுமினியத் தாள், ரப்பர் வளையம் வைத்த திருகாணி, முகட்டு மூடி, மழைநீர் ஓடும் கட்டர், ஆள் கூலி, இவையெல்லாம் 3,072க்கு வெளியே நிற்கின்றன. முதல் ஆளின் 13 வெள்ளிக்குள் என்ன இருக்கிறது என்று கேட்டேன். சட்டம் பழசையே வைத்துக்கொள்ளலாம் என்றார். பழைய ஆஸ்பெஸ்டாஸை? “அதைச் செம்பனை ஓரமா கொட்டிடலாம் அண்ணே.”

இரண்டாவது ஆளுக்கே கொடுத்தோம். அவர் தாளில் கடைசி வரி: மரம் கெட்டிருந்தால் தனி. அந்த வரியைப் பார்த்த மச்சான், வேலை தொடங்குவதற்கு முன்பே மாற்று மரத்துக்கு அடி என்ன விலை என்று எழுதி வாங்கிவிட்டார். திறந்து பார்த்தால் பின்பக்கக் கைமரங்கள் கரையான் தின்று உள்ளே வெறும் கூடு. கூடுதலாக 2,150. மொத்தம் 17,050 ஆனது. விலை முன்பே எழுதி வாங்காமல் இருந்திருந்தால், கூரை இல்லாத வீட்டில் நின்றுகொண்டு பேரம் பேசியிருப்பேன்.

ஹார்ட்வேர் அண்ணன்:

தம்பி கணக்கு சரி. கடையில் நிற்கிறவன் என்ற முறையில் ஒன்று சேர்க்கிறேன். அடியைப் போலத்தான் தகட்டின் கனமும் (தடிமன்). 0.48 என்று சொன்னால், பூச்சோடு சேர்த்தா, வெறும் இரும்பா என்று கேளுங்கள். வெறும் இரும்பு 0.42 மில்லிமீட்டர் உள்ள தகடுதான் பூச்சோடு 0.47, 0.48 வரும். பூச்சோடு சேர்த்தே 0.42 என்றால் உள்ளே இரும்பு அதைவிட மெலிசு. இரண்டையும் ‘பாயிண்ட் நாலு ரெண்டு’ என்றே விற்கலாம், யாரும் பொய் சொன்னதாகாது.

ஓடு போடச் சொன்னவரை விட்டது நல்லது. சிமெண்டு ஓடு சதுர மீட்டருக்கு 40 கிலோவுக்கு மேல். உங்கள் கூரை ஏறத்தாழ 89 சதுர மீட்டர். நாலு டன் பக்கம் போகும். தகடு என்றால் அரை டன்கூட வராது. மெல்லிய தகட்டுக்காகப் போட்ட பழைய மரத்தின் மேல் நாலு டன்னை ஏற்றினால் என்ன ஆகும்? 24,000க்குள் புதுச் சட்டமும் இருந்ததா என்று கேட்டீர்களா?

சிப்புட் மகன்:

கேட்டேன் அண்ணே. இல்லை.

ஈப்போ மருமகள்:

எங்கள் மாமியார் வீடும் வரிசை வீடுதான், ரயில் நிலையத்துக்குப் பக்கம். யாரும் சொல்லாத ஒரு செலவு இருக்கிறது. நம் கூரை புதுசு, பக்கத்து வீட்டுக் கூரை பழசு. இரண்டும் சேரும் சுவரின் மேல் ஒரு மடிப்புத் தகடு போட்டு அடைக்க வேண்டும். எங்கள் விலைத்தாளில் அது இல்லை. நாங்களும் கேட்கவில்லை. முதல் மழைக்கு எங்கள் வீட்டில் ஒரு சொட்டு இல்லை, பக்கத்து வீட்டு அக்காவின் கட்டில் நனைந்துவிட்டது. 850 வெள்ளி கொடுத்து அடைத்தோம். அந்த அக்கா மூன்று மாதம் எங்களோடு பேசவில்லை. அதை எந்தக் கணக்கில் சேர்ப்பது?

ஆஸ்பெஸ்டாஸைக் கொட்டுவதைப் பற்றியும் சொல்ல வேண்டும். அது சும்மா குப்பை இல்லை. 2005ஆம் ஆண்டுச் சுற்றுச்சூழல் விதிமுறைப்படி அபாயக் கழிவுப் பட்டியலில் உள்ளது. நனைத்து, உடைக்காமல், முழுத் தகடாக இறக்க வேண்டும். தூளைக் காய்ந்த துடைப்பத்தால் பெருக்கக் கூடாது. அகற்றும் செலவைத் தனி வரியாக எழுதித் தராதவரின் விலை எப்போதும் குறைவாகத்தான் இருக்கும்.

பழைய மண்டோர்:

நீங்களெல்லாம் நிதானமாக மூன்று விலை வாங்கியிருக்கிறீர்கள். எனக்கு அந்த நேரம் கிடைக்கவில்லை. ஏப்ரல் மாதம் ஒரு சாயங்காலம் புயல் காற்றில் பாதிக் கூரை பறந்து வாழைத்தோப்பில் கிடந்தது. முன்பு போட்டவன் திருகாணிக்குப் பதில் ஆணி அடித்திருந்தான், ஓரத்தில் அதுவும் குறைவு. காற்று ஓரத்தைத்தானே முதலில் தூக்கும். லயத்தில் இருந்த காலத்தில் தகரத்தின் மேல் கல்லும் பழைய டயரும் வைப்போம். அசிங்கமாக இருக்கும், ஆனால் தகரம் இருக்கும்.

தார்ப்பாய் கட்டிக்கொண்டு தவித்தபோது ஒருவன் வந்தான். 12,000 சொன்னான், பாதியை முன்பணமாக வாங்கினான். இரண்டு நாள் வேலை செய்தான், அப்புறம் போனை எடுக்கவில்லை. மகள்தான் பயனீட்டாளர் நடுவர் மன்றத்தில் போடலாம் என்றாள். மனுவுக்கு 5 வெள்ளி, வக்கீல் தேவையில்லை, 2019லிருந்து 50,000 வெள்ளி வரை கேட்கலாம். ரசீது, வாட்ஸ்அப் எல்லாம் அச்சடித்துக்கொண்டு போனோம். தீர்ப்பு எங்கள் பக்கம். காசு முழுதாக வரவில்லை, பாதி வந்தது. சிஐடிபி என்கிற கட்டுமானத் தொழில் வாரியத்தில் அவனுக்குப் பதிவு இருக்கிறதா என்று முன்பே பார்த்திருக்கலாம் என்று மகள் இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறாள்.

தம்பி, உங்கள் ஆள் முன்பணம் எவ்வளவு கேட்டார்?

சிப்புட் மகன்:

ஐயா, 3,000. தகடு வீட்டு வாசலில் இறங்கியதும் 5,000. சட்டம் முடிந்ததும் 4,000. மீதி 2,900ஐயும் மர விலையையும் முதல் பெரிய மழைக்கு அப்புறம்தான் கொடுத்தேன். அப்படித்தான் பேசியிருந்தோம். மழை வர ஒன்பது நாள் ஆனது. அவர் தினமும் வானத்தைப் பார்த்துவிட்டு எனக்குப் போன் செய்வார்.

அவருடைய நம்பர் கேட்டு நிறையப் பேர் தனியாக எழுதியிருக்கிறீர்கள். அவரைக் கேட்காமல் கொடுக்க மாட்டேன். கேட்டும் பார்த்தேன். தீபாவளி வரை ஆள் இல்லையாம், அப்புறம் பார்க்கலாம் என்கிறார். அதற்குள் மேலே ஏறி அளந்து வையுங்கள்.