கர்னல் (லினக்ஸோட மையப் பகுதி) தொங்கினதை வெளி வாட்ச்டாக் (துடிப்பு நின்னா மெஷினை மறுபடி கிளப்புற காவல் சுற்று) எப்படி உறுதியா கண்டுபிடிக்கும்?

கானாடுகாத்தான்ல ஒரு பழைய நகரத்தார் வீடு. மின்சார அளவும் தொட்டித் தண்ணி மட்டமும் பதிவு பண்ண ரெண்டாம் கட்டுல ராஸ்பெரி பை 4-ங்கிற சின்ன லினக்ஸ் கணினி வெச்சிருக்கு: 4 ஜிபி, 64 பிட் கர்னல் 6.6, எஸ்டி கார்டு பூட். வீடு பூட்டியே கிடக்கும், பிளக்கைப் பிடுங்க ஆள் கிடையாது. சித்திரைலேர்ந்து இன்வெர்ட்டர் மாறுற நேரம் பார்த்துத் தொங்குது.

அப்போ பிங்குக்குப் பதில் வருது, எஸ்எஸ்எச் (தூரத்துலேர்ந்து உள்ளே நுழையுற வழி) திறக்காது, லாக் நின்னுடுது. ஹார்ட்பீட் எல்இடி மட்டும் ஜோரா மினுக்கும். அது கர்னல் டைமர்ல ஓடுறது, கார்டு செத்தாலும் அதுக்கென்ன!

பார்த்தாச்சு:
- சிஸ்டம்டி வழியா உள் வாட்ச்டாக், 14 நொடி. பிஐடி 1 (முதல்ல ஓடுற நிரல், அதாவது சிஸ்டம்டியே) கார்டைத் தொடாமலே தட்டிக்கிட்டே இருக்கு, கடிக்கல.
- சாஃப்ட் லாக்கப் பேனிக் (சிபியு ஒரே வேலையில சிக்கினா கர்னல் தானே நின்னுடுறது). சிபியு சும்மாதானே இருக்கு, பிடிபடல.
- ஹங் டாஸ்க் பேனிக் (ஒரு வேலை காத்துக்கிட்டே தொங்கினா கர்னல் நின்னுடுறது), 120 நொடி. பேனிக் ஆகுது, ஆனா ரீபூட்ல கார்டு பதில் சொல்றதில்லை.
- இப்போ வெளி வாட்ச்டாக்கா ஏடிடைனி85-ங்கிற சின்ன மைக்ரோகன்ட்ரோலர். பை-ல ஓடுற ஒரு சாதாரண நிரல் 4 கேபி எழுதி, எஃப்சிங்க் (எழுதினது கார்டுல போய்ச் சேர்ற வரைக்கும் காத்திருக்கிற அழைப்பு) முடிஞ்சாத்தான் ஜிபிஐஓ 17 பின்னை மாத்தும்; அதுதான் துடிப்பு. 60 நொடி துடிப்பு இல்லேன்னா ஏடிடைனி, பை-யோட மின்சாரத்தையே நிறுத்துற குளோபல்_இஎன் பின்னைத் தரைக்கு இழுக்கும். தொங்கினா மீண்டு வருது. ஆனா ராத்திரி பேக்கப் ஓடும்போது எஃப்சிங்க் இழுத்து, நல்லா இருக்கிற கர்னலையும் வெட்டிடுது. பாதி எழுத்துல வெட்டினா ஃபைல் சிஸ்டம் கதி தெரியுமே.

நேரத்தை 180 நொடியாக்காம, கார்டு மெதுவா ஓடுதா, நிஜமாவே நின்னுடுச்சான்னு ஏடிடைனி பிரிச்சறிய துடிப்போட வேற எந்தத் தகவலை அனுப்பணும்?