களரிக்குப் போன கலை மாணவர்கள்: மட்டக்களப்பிலிருந்து சில அனுபவங்கள்

ஆரையம்பதியிலிருந்து, காண்பியக் கலை பயின்ற ஒருவர்:

மட்டக்களப்புக் கூத்தின் இரு வகைகளான வடமோடி, தென்மோடி ஆகியவற்றின் வேறுபாடுகளையும், ஆடுவோருக்கு அவரவர் பாத்திரத்தைக் கொடுக்கும் சட்டம் கொடுத்தல் முதல் சதங்கை அணிதல், ஒத்திகையான அடுக்குப் பார்த்தல், அரங்கேற்றம் வரையிலான படிமுறைகளையும் நான் முதலில் அறிந்தது வகுப்பறையில்தான். அவற்றை ஒழுங்காக எழுதிப் பரீட்சையில் நல்ல புள்ளியும் பெற்றிருந்தேன். இரண்டாம் ஆண்டில் எங்கள் விரிவுரையாளர் ஒருவர் பன்னிரண்டு பேரை வலையிறவுப் பாலம் கடந்து வாவியின் மேற்குக் கரையான படுவான்கரையில் ஒரு கிராமத்துக்கு அழைத்துச் சென்றார். அரங்கேற்ற இரவுக்கு அல்ல. அதற்கு இரண்டு மாதங்களுக்கு முன்பே, வயல் வேலை முடித்து வந்தவர்கள் இரவில் ஆடிப் பழகுகின்ற நாளில் அழைத்துச் சென்றார். அந்தத் தெரிவுக்காக அவருக்கு இன்றும் நன்றியுடையவனாக இருக்கிறேன். அரங்கேற்றத்துக்கு மட்டும் போகும் மாணவர் உடுப்பையும் வெளிச்சத்தையும் பார்த்துத் திரும்பிவிடுவார். ஓர் ஆட்டம் எத்தனை பிழைகளைக் கடந்து உடம்பில் ஏறுகிறது என்பதைப் பழக்கத்தில்தான் காண முடியும்.

கூத்து ஆடும் இடமான களரி வட்டமானது. நடுவில் மத்தளத்தோடு, கூத்தைப் பழக்கும் ஆசிரியரான அண்ணாவியார் நிற்பார். அவருக்குப் பக்கத்தில் தாளம் போடுபவரும், கூத்துப் பாட்டு எழுதிய கொப்பியைப் பார்த்து அடியெடுத்துக் கொடுக்கும் கொப்பி பார்ப்பவரும் பிற்பாட்டுக்காரரும் நிற்பார்கள். ஆட்டக்காரர் அவர்களைச் சுற்றியே ஆடுவார்கள். இதையும் நான் எழுதிப் புள்ளி பெற்றவன்தான். ஆயினும் கலைக்கூடத்தில் மாதிரிக்கு முன்னால் பலகையோடு அமரும் பழக்கத்தில், அன்றும் ஓரிடத்தில் அமர்ந்து, இரண்டு மணித்தியாலத்தில் பதினான்கு படங்கள் கீறினேன். தேநீருக்காக ஆட்டம் நின்றபோது அண்ணாவியார் வந்து என் தாள்களை ஒவ்வொன்றாகப் புரட்டினார்.

“நல்லாத்தான் கீறியிருக்காய் மனே. ஆனா எல்லாரும் உனக்கு மட்டும் ஆடின மாதிரியெல்லோ இருக்கு” என்றார்.

நான்கு பக்கமும் சனம் இருக்கிற களரியில் எந்தப் பக்கத்தையும் நெடுநேரம் முதுகு காட்டி விட்டுவிடக் கூடாது என்பதற்காகவே ஆட்டக்காரர் சுழன்று வருகிறார் என்பதை அந்த ஒரு வாக்கியம் எனக்கு விளங்க வைத்தது. மீதி இரவு முழுவதும் களரியைச் சுற்றி நடந்தபடியே கீறினேன். கோடுகள் தள்ளாடின, ஆனால் முதுகுகளும், பாதித் தெரியும் முகங்களும், எதிர்ப்பக்கத்தில் பாயில் உறங்கிப்போன பிள்ளைகளும் அந்தத் தாள்களுக்குள் வந்து சேர்ந்தார்கள்.

மறுநாள் காலையில் ஒரு வீட்டுக் கூரை வளையில் கட்டித் தொங்கவிடப்பட்டிருந்த, கூத்தில் அணியும் பழைய கரப்புடுப்பை இறக்கிக் காட்டினார்கள். கோழியை மூடி வைக்கும் கரப்பைப் போலக் கூடாகக் கட்டி, அதன் மேல் துணி போர்த்தி, கண்ணாடித் துண்டுகள் பதித்திருந்தார்கள். துணி நைந்து போயிருந்த இடத்தில் உள்ளே கட்டிய கயிற்றின் முடிச்சுகள் தெரிந்தன. ஒவ்வொரு முடிச்சும் ஒரே திசையில் இழுத்து இறுக்கப்பட்டிருந்தது. அதை என் இடுப்பில் கட்டிவிட்டார்கள். எட்டு அடி வைப்பதற்குள் மூச்சு வாங்கியது.

ஒன்றை ஒளிக்காமல் சொல்ல வேண்டும். களரியிலும், இந்த உடுப்பைப் பார்த்தும் கீறிய படங்களின் பிரதிகளை ஊருக்குத் தருவதாகச் சொல்லி வந்த நான், அவற்றை மதிப்பீட்டுக்குக் கொடுத்துப் புள்ளி வாங்கிய பின்னர் எட்டு மாதங்கள் அந்தப் பக்கம் போகவேயில்லை. வெட்கத்தோடுதான் பிறகு பிரதிகளை எடுத்துச் சென்றேன். உடுப்புக் கட்டும் பெரியவர் அவற்றை விரித்து வைத்து, “இந்தக் கட்டு முன்னுக்கு வராது மனே, பின்னுக்குத்தான்” என்று பென்சில் கேட்டு வாங்கித் தாமே திருத்தினார். திருப்பிக் கொடுக்கப் போயிராவிட்டால் அந்தப் பிழை என் படத்தில் என்றைக்கும் சரியாகவே நின்றிருக்கும்.

கல்லடியிலிருந்து, இசை பயின்ற ஒருவர்:

என் அனுபவம் சிறியது. ஒரு பூரணை இரவில், மட்டக்களப்பு வாவியில் கேட்கும் பாடும் மீனின் ஓசையைக் கேட்பதற்காக எங்கள் ஆசிரியர் எங்களைத் தோணியில் ஏற்றிக் கல்லடிப் பாலத்துக்கு அருகில் கொண்டு சென்றார். துடுப்பின் ஒரு முனையை நீருக்குள் இறக்கி மறு முனையில் காதை வைக்க வேண்டும். முதலில் பாலத்தில் ஓடும் வாகனங்களின் அதிர்வு மட்டுமே கேட்டது. நெடுநேரம் கழித்து, தம்பூராவின் ஒரு தந்தியை மெதுவாக மீட்டி விட்டதைப் போன்ற ஓசை எழுந்தது. எந்தச் சுருதி என்று ஆசிரியர் கேட்க, ஆறு பேரும் ஆறு விதமாகச் சொன்னோம். அவர் விடை கூறாமல் மீண்டும் கேட்கச் சொன்னார். 1892இல் காரைதீவில் பிறந்து பண்டைய யாழை ஆராய்ந்த சுவாமி விபுலாநந்தர், இந்த வாவியின் ஓசையை நீரர மகளிரின், அதாவது நீரில் வாழும் தெய்வப் பெண்களின், இசையாகப் பாடியிருக்கிறார். அந்தப் பாடலை மேடையில் பலமுறை பாடியிருந்தும், தோணியில் அமர்ந்த பிறகுதான் அதை எவ்வளவு தணிந்த குரலில் பாட வேண்டும் என்று உணர்ந்தேன்.

அக்கரைப்பற்றிலிருந்து, நாடகமும் அரங்கியலும் பயின்ற ஒருவர்:

முதற் பதிவை எழுதிய அண்ணாவுக்கு ஒரு விடயம் சொல்ல விரும்புகிறேன். விடிய விடிய நடக்கும் கூத்துக்குப் போவது மாணவியருக்கு அவ்வளவு எளிதாக இருந்ததில்லை. வீட்டில் அனுமதி கிடைக்காமலும், இரவில் திரும்பி வர பஸ் இல்லாமலும் எங்கள் அணியில் பலர் இரண்டு பயணங்களைத் தவறவிட்டார்கள். மூன்றாவது முறை, ஊரிலேயே ஒரு வீட்டில் ஐந்து மாணவியர் தங்குவதற்கு ஒழுங்கு செய்யப்பட்டது. பெற்றோரை முன்கூட்டியே அந்த வீட்டாரோடு தொலைபேசியில் பேச வைத்ததுதான் எங்களுக்கு வழி திறந்தது. பயணங்களை ஒழுங்கு செய்பவர்கள் இதை மறக்காமல் செய்யுங்கள்.

அன்று மழை பெய்து பழக்கம் நின்றுவிட்டது. பயணம் வீணாகிவிட்டதே என்று நாங்கள் வருந்திக்கொண்டிருக்க, அடுப்படியில் ரொட்டி சுட்டுக்கொண்டிருந்த அந்த வீட்டு மாமி, நின்றுபோன இடத்திலிருந்து கூத்தைப் பாடத் தொடங்கினார். அரசனின் வரவு, அரசியின் தரு எனப்படும் பாட்டு, இடையில் வரும் தாளக்கட்டு என்று ஒன்றும் விடவில்லை. அந்த ஊரில் பெண் வேடத்தையும் ஆண்களே ஆடுவார்கள்; மாமி ஒருநாளும் களரியில் ஏறியவர் அல்லர்.

“அப்பா திண்ணையில இருந்து பாடிப் பழகுவார் புள்ள. அடுப்படியில நிண்ட எனக்கும் அது பாடமாயிற்று” என்றார்.

குப்பி விளக்கின் வெளிச்சத்தில் ஐந்து பேரும் மாறி மாறி எழுதினோம். ரொட்டியைப் புரட்டும்போது பாட்டு நிற்கும். மறுபடி கல்லில் போட்டதும் விட்ட சொல்லிலிருந்தே தொடரும். மறுநாள் காலையில் செய்தி அறிந்து கொப்பி பார்ப்பவர் வந்தார். அவரிடம் இருந்த பழைய கொப்பியில் கறையான் அரித்த பக்கங்கள் இருந்தன. வாசற்படியில் அமர்ந்து எங்கள் தாள்களைப் பொறுமையாக வாசித்து, அரிபட்டுப் போன நான்கு தருக்களையும் தம் கொப்பியில் எழுதிக்கொண்டார். ஐயம் வந்த இரண்டு சொற்களுக்கு, எழுந்து போய் அடுப்படி வாசலில் நின்று மாமியிடம் கேட்டார்.